ரவுஷானுக்குத் தெரியாத பேய்

அக்டோபர் 8, ஞாயிறு

இன்றைக்கு மட்டும் எத்தனை தடவை செத்தோம் என்று கணக்கே இல்லை. எல்லாத் தடவையும் என் சிநேகிதி ரவுஷானால்தான்.

இந்தக் கம்ப்யூட்டர் பேய் ஆட்டத்தை அவள் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தவள் அவள் மகள் தோக்ஜான். "என்னைப் பாத்துக் கத்துறதுக்குப் பதிலா இதைப் பாத்துக் கத்தும்மா" என்று சொல்லிக் கொடுத்தாளாம். பதினேழு வயசு, வாய் அப்படி.

யாரோ இரண்டு பேர் வீட்டில் உட்கார்ந்து செய்த மலிவு ஆட்டம். காட்டுக்குள் பாழடைந்து கிடக்கும் காசநோய் ஆஸ்பத்திரி ஒன்று. இரண்டு பேர் சேர்ந்து உள்ளே போய், சாவிகளைத் தேடி எடுத்து, உயிரோடு வெளியே வர வேண்டும். ஒருத்தி கையில் விளக்கு, இன்னொருத்தி கையில் சாவிக்கொத்து. நர்ஸ் உடுப்பில் ஒரு பேய் சுற்றுகிறது. அதன் தலைமுடி தரை துடைக்கிற மாப் மாதிரி. கால் சரியாக வரையத் தெரியவில்லை போலிருக்கிறது, முழங்கால் வரை தரைக்குள் புதைந்தபடி வருகிறது. எல்லா அறையிலும் ஒரே மான் படம். கதவைத் தொட்டால் "கதவு உன்னைத் திறக்க விரும்பவில்லை" என்று தப்புத் தப்பான ரஷ்ய மொழியில் எழுத்து வருகிறது. இவ்வளவு இருந்தும் அந்தப் பேய் வந்தால் நான் மௌஸை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொள்கிறேன்.

அவள் அவள் வீட்டில், நான் என் வீட்டில், காதில் ஹெட்போன். நான் உட்காருவது மகன் அஸ்தானாவுக்குப் படிக்கப் போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டரில். நாற்பத்திநாலு வயசில் இரண்டு பொம்பளைகள் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அலறுகிறோம். கீழ் வீட்டுக்காரி சத்தம் தாங்காமல் ஹீட்டர் குழாயைத் தட்டினாள்.

அக்டோபர் 9

பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கு டூட்டி போடும் ஜன்னலுக்குள் நான். பஸ் எடுக்க வெளியே அவள். இருவருக்கும் தொண்டை கட்டிப் போயிருந்தது. "ரெண்டு பேரும் எந்தக் கல்யாணத்துல பாடினீங்க?" என்று கேட்டார் டிரைவர் கைரோல்லா அண்ணன். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்போம்.

அக்டோபர் 22, ஞாயிறு

சண்டை. சின்னச் சண்டைதான்.

ஆட்டத்தில் மாடிப்படியில் ஒரு படி உடைந்திருக்கும். அது எங்கே என்று இப்போது எனக்கு மனப்பாடம். அவள் ஒவ்வொரு தடவையும் நேராகப் போய் அதில் விழுகிறாள்.

"எங்கடி போற? நான் விளக்கப் பிடிச்சுக்கிட்டு உன் முன்னாடிதான நிக்கிறேன்!"

"எங்க நிக்கிற? ஒண்ணுமே தெரியல. கறுப்பா இருக்கு."

"மாலைக்கண் வந்த கோழி மாதிரி முட்டிக்கிட்டு நிக்கிறியே. பஸ்ஸையும் இப்படித்தான் ஓட்டுறியா?"

ஹெட்போன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். கொஞ்சம் கழித்துத்தான் சிரித்தாள். "ஆமா, பஸ்ஸுல பேய் ஏறினா டிக்கெட் கேப்பேன்" என்றாள். அப்புறம் தலை வலிக்கிறது என்று நிறுத்திவிட்டாள்.

அக்டோபர் 29

முதல் பனி. ஆட்டத்தில் வெளிச்சத்தைக் கூட்டுகிற இடம் ஒன்று இருக்கிறதாம். ரவுஷான் அதைக் கடைசி வரைக்கும் கூட்டி வைத்திருக்கிறாள். பகல் மாதிரி தெரிந்தால் பயம் எங்கிருந்து வரும்? "காசு குடுத்து வாங்கினது பயப்படத்தானே" என்று முணுமுணுத்தேன். "நீ பயப்படு, நான் பாக்குறேன்" என்றாள்.

நவம்பர் 5, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தோக்ஜானுக்குப் பரீட்சை, வீட்டில் சத்தம் கூடாது. அதனால் ரவுஷான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பால் தேநீர் போட்டேன், மாவு உருட்டிப் பவுர்சாக் பொரித்தேன். சமையலறை மேசையில் தோளோடு தோள் உட்கார்ந்து ஆரம்பித்தோம். முதல் தடவையாக அவள் திரையை நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அவ்வளவு வெளிச்சம். ஆஸ்பத்திரி சுவரில் உரிந்த பெயிண்ட் கூடத் தெரிகிறது.

நீளமான நடையில் போய்க்கொண்டிருந்தோம். அவள் திரையில் இடது ஓரத்தில் பேய் வந்து நின்றது. ஒளிந்து எல்லாம் இல்லை. ஆள் உயரத்துக்கு, வெள்ளை வெளேரென்று, மாப் தலையோடு. நான் கத்தினேன். மேசையில் தேநீர் கொட்டிவிட்டது.

ரவுஷான் பவுர்சாக்கைக் கடித்துக்கொண்டே நடந்தாள்.

"என்னடி?" என்றாள்.

"பேய்!"

"எங்க?"

"இந்தா! இந்தா நிக்குது!" விரலைத் திரையிலேயே வைத்துக் காட்டினேன். அவள் கண் வரவில்லை. தலையை முழுசாகத் திருப்பி, என் விரல் நுனியை நேருக்கு நேர் பார்த்தபிறகுதான், "ஓய்பாய்!" என்று அலறி நாற்காலியோடு பின்னால் போனாள்.

நான் சிரித்தேன். ஆமாம், முதலில் சிரித்தேன். பிறகு என் கையை அவள் காதுப் பக்கமாகக் கொண்டுபோய் விரலை ஆட்டினேன். அவளுக்குத் தெரியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாப் தலைப் பேய்க்குக் கூட நான் அப்படி நடுங்கினது இல்லை.

வெளியே இருட்ட ஆரம்பித்திருந்தது. அவளை விட்டுவர நானும் இறங்கினேன். எங்கள் மாடிப்படியில் பல்பு மங்கல். அவள் கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, காலால் ஒவ்வொரு படியையும் தேடித் தேடி இறங்கினாள். இத்தனை வருஷமாக அவள் முன்னால் இறங்க, நான் பின்னால் பேசிக்கொண்டே வந்திருக்கிறேன். பார்த்ததே இல்லை.

"எத்தனை நாளாடி?"

"எது?"

"ரவுஷான்."

கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்பாவுக்கும் இந்தக் கண் வியாதி இருந்ததாம். முதலில் இருட்டு போகும், அப்புறம் ஓரம் போகும், நடுவில் மட்டும் கொஞ்ச நாள் மிச்சமிருக்கும். வருஷா வருஷம் டிரைவர் சோதனையில் டாக்டர் காட்டுகிற எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிடுகிறாள். இருட்டில் தெரிகிறதா என்று அவர் கேட்டால் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிடுகிறாள்.

"பகல்ல கழுகு மாதிரி தெரியும்டி எனக்கு. சத்தியமா. தோக்ஜான் படிச்சு முடிக்கிற வரைக்கும்தான். எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு? ஸ்டியரிங்கைத் தவிர என்ன தெரியும்?"

பிறகு: "உனக்கு மட்டும்தான் தெரியும், மர்ஜான்."

நான் என்ன சொன்னேன்? சரி என்று சொன்னேன்.

நவம்பர் 8

பத்து மணி வண்டி ஒன்று இருக்கிறது. நல்ல வெளிச்சம் வந்தபிறகு கிளம்பி, இருட்டும் முன்னால் டிப்போவுக்குத் திரும்பிவிடும். எல்லோருக்கும் ஆசையான வண்டி. வாரம் ஒருத்தராக மாற்றிக் கொடுப்பதுதான் வழக்கம். ரவுஷானுக்குப் போட்டுவிட்டேன். அடுத்த வாரமும் போடுவேன். டூட்டி போடுகிறவள் நான்தானே.

நவம்பர் 19, ஞாயிறு

இன்றைக்கு இரண்டாவது மாடி!

புது ஏற்பாடு. நான் பார்ப்பேன், அவள் கேட்பாள். "நேரா. இன்னும். நில்லு. இடப்பக்கம் கதவு, கைய நீட்டு. பேய் வலப்பக்கம் போகுது, மூச்சு விடாத." அவள் நான் சொன்னபடி அட்சரம் பிசகாமல் நடக்கிறாள். உடைந்த படியை ஒரே தாண்டில் தாண்டினாள். இருட்டில் அவளுக்குக் காதுதான் கண். பேய் எந்தச் சுவருக்குப் பின்னால் இழுத்து இழுத்து வருகிறது என்று எனக்கு முன்னால் அவளே சொல்லிவிடுகிறாள். முன்பு ஒரு மாடி ஏறவே ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. இன்றைக்கு ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டோம்.

"உன் குரல் இருந்தா நரகத்துக்கும் போய்ட்டு வந்துருவேன்" என்றாள்.

எனக்குப் பிடித்திருந்தது. அதை எழுதத்தான் வேண்டும். அவளை நான் நடத்திக்கொண்டு போவது எனக்குப் பிடித்திருந்தது. ஆட்டத்தில் முடிகிறது, ரோட்டிலும் முடியும் என்று நினைத்துக்கொண்டே தூங்கப் போகிறேன்.

டிசம்பர் 3

பிணவறை சாவி கிடைத்தது. பிணத்துக்கும் மான் படம் மாட்டியிருக்கிறார்கள், பாவிகள். சிரித்துச் சிரித்து இரண்டு பேரும் மாட்டிக்கொண்டு செத்தோம்.

டிசம்பர் 14

கைரோல்லா அண்ணன் ஜன்னலில் வந்து நின்றார். கோபமாக இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தங்கச்சி, எனக்கு முதுகு போச்சு. விடியக்காலைக் குளிர்ல வண்டி எடுக்க முடியல. பத்து மணி வண்டி எனக்கு எப்ப வரும்?"

"பாக்குறேண்ணே."

"ரவுஷான் உன் சிநேகிதிதான். தெரியும். நாங்களும் மனுஷங்கதான?"

அவர் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரத்துக்கும் ரவுஷான் பெயரைத்தான் போட்டேன்.

டிசம்பர் 31

ரவுஷானும் தோக்ஜானும் வந்திருந்தார்கள். என் மகனும் வந்திருக்கிறான். சாலட், குதிரைக்கறி, ஆரஞ்சு. பாத்திரம் கழுவும்போது அவளைத் தனியாகப் பிடித்து, "டாக்டர்கிட்டப் போ. உண்மையைச் சொல்லு. டிப்போவுலயே வேற வேலை கேப்போம்" என்றேன். "பனி உருகட்டும். இன்னிக்கி இதைப் பேசாதடி" என்று ஈரக்கையால் என் வாயைப் பொத்தினாள். நானும் விட்டுவிட்டேன். புது வருஷம் பிறக்கிற நேரத்தில் யார் அழ வைப்பார்கள்?

ஜனவரி 16, செவ்வாய்

ஊரெல்லாம் காய்ச்சல். டிரைவர்கள் பாதிப் பேர் படுக்கையில். மூன்று மணிக்கு டிப்போ தலைவர் வாசிலி பாக் என் அறைக்கு வந்தார். சாயங்கால வண்டிக்கு ஆள் இல்லை.

"ரவுஷான் நாலு மணிக்கு வந்துருவாங்கல்ல? அப்படியே இன்னும் ஒரு டிரிப் போகச் சொல்லுங்க. அவங்க மட்டும் என்ன, ராணியா?"

நான் டூட்டி நோட்டைப் புரட்டினேன்.

ரவுஷான் ஜன்னலுக்கு வந்தபோது அவளிடம் மெதுவாகச் சொன்னேன்: "முடியாதுன்னு சொல்லிடு. காய்ச்சல்னு சொல்லு." அவள் பின்னால் பார்த்தாள். கைரோல்லா அண்ணன் இருமிக்கொண்டு நின்றார்.

"மெயின் ரோடு முழுக்க விளக்கு எரியுதுடி. ஒரே ஒரு டிரிப். போய்ட்டு வந்துர்றேன்."

டிரிப் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன்.

ஜனவரி 17

கடவுளே, கடவுளே.

ஜனவரி 20

நாலு நாளாகத் தூக்கம் இல்லை. எழுதினால் தலை கொஞ்சம் அடங்குமோ?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு. பழைய சந்தைக்குப் பக்கத்து நிறுத்தத்தில் தெருவிளக்கு போயிருந்ததாம். கறுப்புக் கோட்டில் ஒரு அம்மா பஸ்ஸைப் பார்த்ததும் நடைபாதையிலிருந்து வலது ஓரத்தில் இறங்கியிருக்கிறார். பஸ்ஸில் இருந்த எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ரவுஷான் மட்டும் பார்க்கவில்லை. முன் சீட்டில் இருந்தவர் "அம்மா! ஆளு!" என்று கத்தினாராம். பிரேக் போட்டாள். மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தாள். ஆனால் தரை முழுக்கப் பனிக்கட்டி, பஸ் வழுக்கிப் போய் இடித்துவிட்டது.

அந்த அம்மாவின் பெயர் லிதியா. ஓய்வு பெற்ற மருத்துவச்சி. இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. உயிர் இருக்கிறது. உயிர் இருக்கிறது. உயிர் இருக்கிறது.

ஆம்புலன்ஸ் வரும்வரை ரவுஷான் தன் கோட்டைக் கழற்றி அவர் மேல் போட்டு, பனியில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். சுற்றி நின்றவர்கள் திட்டத் திட்ட.

ஆட்டத்தில் நான் பக்கத்தில் இருந்தேன். பஸ்ஸில் நான் எங்கே இருந்தேன்? சூடான அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மர்ஜான், எதை நெனச்சுடீ சீட்டுல கையெழுத்துப் போட்ட?

ஜனவரி 25

ஆஸ்பத்திரிக்குப் போனேன். டிப்போவிலிருந்து வந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். லிதியா அம்மா காலைத் தூக்கிக் கட்டியபடி படுத்திருந்தார். நான் கொண்டுபோன ஆப்பிளை வாங்கி ஜன்னலில் வைக்கச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கா? அன்னிக்கி என்னைவிட அவதான் அதிகமா நடுங்கினா. கண்ணு தெரியாதுன்னு போலீஸ்ல சொல்றாங்களே, நெஜமா?"

"ஆமாம்மா."

"அப்ப அவள யாரு வண்டி எடுக்கச் சொன்னது?"

ஜன்னலில் இருந்த ஆப்பிளை ஒவ்வொன்றாக நேராக வைத்தேன்.

பிப்ரவரி 2

விசாரணை. டாக்டரின் சோதனையில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. ரவுஷானின் கண் ஓரம் கிட்டத்தட்ட முழுக்கப் போயிருக்கிறது. நடுவில் ஒரு சின்ன வட்டம்தான் மிச்சம்.

"இது வேற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்கள். நான் எதிர் நாற்காலியில்தான் இருந்தேன்.

"யாருக்கும் தெரியாது. எல்லாரையும் நான்தான் ஏமாத்தினேன்" என்றாள் ரவுஷான்.

"பத்து மணி வண்டி உங்களுக்கே தொடர்ந்து எப்படி வந்தது?"

"முட்டி வலின்னு பொய் சொல்லி மர்ஜான்கிட்ட நச்சரிச்சு வாங்கினேன்."

என் பக்கம் திரும்பினார்கள். "அப்படித்தானா?"

தலையாட்டினேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

மத்தியானம் கம்ப்யூட்டரைப் போட்டேன், பழக்க தோஷம். அவள் ஆட்டத்தில் இல்லை, பெயர் சாம்பல் நிறத்தில் இருந்தது. தனியாக உள்ளே போனேன். தனியாகப் போனால் முதல் கதவே திறக்காது. இரண்டு பேர் சேர்ந்து தள்ள வேண்டும், அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். பேய் கூட வரவில்லை.

பிப்ரவரி 11

போன் செய்தேன். நல்லா இருக்கேன் என்றாள். நன்றி என்றேன். எதுக்கு என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை. எதுக்கு நன்றி? அவள் எனக்காகப் பொய் சொன்னாள், நான் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 20

காலையில் தலைவர் பாக் வந்ததும் அவர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை, உட்கார்ந்தால் சொல்லாமலே எழுந்து வந்துவிடுவேன் என்று பயம். எனக்கு நவம்பரிலிருந்து தெரியும் என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். பேய் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு வருமோ என்று பார்த்தேன். வரவில்லை.

"அன்னிக்கி சாயங்காலம் நான் உங்க ரூமுக்கு வந்து நின்னேனே, அப்பயாவது சொல்லியிருக்கலாமே மர்ஜான்" என்றார்.



விசாரணை அதிகாரிக்கும் சொல்லி எழுதிக் கொடுத்தாயிற்று. வேலை இன்றோடு போய்விட்டது. வெளியே வரும்போது கைரோல்லா அண்ணன் எதிரில் வந்தார். எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 22

ரவுஷான் வந்தாள். பகல் வெளிச்சத்தில், தனியாக. பூட்ஸைக் கூடக் கழற்றவில்லை.

"எதுக்குடி போய்ச் சொன்ன?"

"நீ மட்டும் எப்படி…"

"நான் முடிச்சு வெச்சிருந்தேன். ஒருத்தியாவது தப்பிச்சான்னு நிம்மதியா இருந்தேன். அதையும் கெடுத்துட்ட. இப்ப எல்லாரும் என்ன சொல்றாங்க தெரியுமா? ரெண்டு பொம்பளைங்க வெளையாட்டா ஒரு கிழவிய இடிச்சாங்கன்னு!"

"என்னால தூங்க முடியல ரவுஷான்."

"ஓ. உனக்குத் தூக்கம் வரணும். அதுக்காகப் போன."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அவள் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் இப்போதும் தூக்கம் வரவில்லை.

மார்ச் 9

பொதுக் குளியல் கூடத்தில் கோட் வாங்கி மாட்டிவைக்கும் வேலை கிடைத்திருக்கிறது. ஈரத்தலைப் பெண்கள் நாள் முழுக்க வந்து போகிறார்கள்.

தோக்ஜானை அங்கேதான் பார்த்தேன். ஒரு தோழியோடு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தயங்கினாள், பிறகு பக்கத்தில் வந்தாள்.

"சித்தி, தீர்ப்பு வந்துருச்சு. ஜெயில் தண்டனைய நிறுத்தி வெச்சுட்டாங்க. லைசென்ஸ் இனிமே கிடையாது. அந்த லிதியா பாட்டி, அந்தப் பொண்ண உள்ள போடாதீங்கன்னு தானாவே எழுதிக் குடுத்தாங்களாம். இப்ப வாக்கர் வெச்சு நடக்குறாங்க."

"அம்மா?"

"மசாஜ் படிக்கப் போறாங்க. பார்வை குறைஞ்சவங்களுக்குன்னு ஒரு வகுப்பு இருக்கு. தினமும் என் முதுகுலதான் பயிற்சி. எலும்பெல்லாம் கழண்டு போச்சு சித்தி."

ரவுஷான் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்க நினைத்தேன். கோட்டை வாங்கி மாட்டினேன்.

மார்ச் 22

நவ்ரூஸ் பண்டிகை. வசந்தம் பிறந்துவிட்டதாம், வெளியே முழங்கால் வரைக்கும் பனி. மகன் போனில் வாழ்த்துச் சொன்னான்.

காலையிலிருந்து கஞ்சி காய்ச்சினேன். கோதுமை, மோர், கறி, எல்லாம் போட்டு. என் ஒருத்திக்கு எதற்கு இவ்வளவு? நீல மூடி போட்ட பெரிய எனாமல் பாத்திரத்தில் ஊற்றி, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அவள் கட்டட வாசல் வரைக்கும்தான் கால் போனது. தோக்ஜானை போனில் கீழே கூப்பிட்டுக் கொடுத்தேன். "மேல வாங்களேன்" என்றாள். "இல்லம்மா, வேலை இருக்கு" என்றேன். பண்டிகை நாளில் எந்தக் குளியல் கூடம் திறந்திருக்கும்? அவளும் கேட்கவில்லை.

மார்ச் 26

பாத்திரம் வரவில்லை. கஞ்சியைக் கொட்டிவிட்டாளோ?

மார்ச் 30, சனி

சாயங்காலம் தோக்ஜானுக்கு போன் செய்தேன். பாத்திரம் அவசரம் இல்லை, ஆனால் மகன் வரும்போது வேண்டும், நீ காலேஜ் போகிற வழியில் குளியல் கூடத்தில் கொடுத்துவிடு என்றேன். இதைச் சொல்லிப் பார்த்து, சொல்லிப் பார்த்துப் பிறகுதான் கூப்பிட்டேன்.

"இருங்க சித்தி" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் எதையோ கேட்டாள். தட்டு முட்டுச் சத்தம். ரவுஷானின் குரல், தள்ளி எங்கேயோ, வார்த்தை பிடிபடவில்லை. தோக்ஜான் திரும்ப வந்தாள். சிரிப்பை அடக்குகிற குரல்.

"அம்மா சொல்றாங்க, நான் யாருக்கும் பாத்திரம் சுமக்கக் கூடாதாம். வேணும்னா அவளே மேல ஏறி வந்து எடுத்துட்டுப் போகட்டுமாம். கஞ்சியில உப்பு கம்மியாம், அதையும் சொல்லச் சொன்னாங்க."

நாளைக்கு எனக்கு விடுமுறை.